நிகாஹ் மேடையும் கேமராவின் ஆட்சியும்



நம் கடற்கரை ஊர் ஒன்றில் அண்மையில் நடந்த நிகாஹ் மஜ்லிஸில் நாங்களும் அமர்ந்திருந்தோம். ஆலிம் குத்பா ஓதி முடித்தார். பெண்ணின் வலீ மாப்பிள்ளையின் கையைப் பற்றி ஈஜாபைச் சொன்னார். மாப்பிள்ளை கபூல் செய்தார். சபையோர் துஆவுக்குக் கை உயர்த்திய வேளையில், முன்வரிசையில் மண்டியிட்டிருந்த புகைப்படக்காரர் எல்லோரையும் கையமர்த்தினார். "கை சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார். வலீ ஆலிமைப் பார்த்தார். ஆலிம் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்தபடி மறுபடியும் கையை நீட்டினார். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. அன்று மௌனமாக இருந்த குற்றத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறோம்.

விளையாட்டாகச் செய்தாலும் மெய்யாகவே கொள்ளப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த காரியங்கள் மூன்று. நிகாஹ் அவற்றில் ஒன்று. தலாக்கும், தலாக்குக்குப் பின் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்வதும் மற்ற இரண்டு. அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸின் கருத்தை நம் மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாத வார்த்தையைப் படத்துக்காக இரண்டாம் முறை சொல்லச் சொல்கிறோம். இந்தத் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

எது நம் வழக்கு?

புகைப்படமே கூடாது என்போரோடு வாதாடவோ, கூடும் என்போருக்குச் சான்றிதழ் வழங்கவோ நாம் வரவில்லை. உருவப்படம் பற்றிய ஹதீஸ்கள் கேமராவின் படத்துக்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டிலும் இரு நிலைப்பாட்டினரும் இருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை இங்கே தீர்க்க முயலவில்லை.

படத்தின் அருமையையும் நாம் அறியாதவர்கள் அல்லர். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுப்புக் கிடைக்காமல் சொந்த மகளின் நிகாஹைக் கைபேசித் திரையில் பார்த்துக் கண்ணீர் விட்ட வாப்பாக்கள் நம்மிடையே பலர். மறைந்த உம்மும்மாவின் படம் என்று வீட்டில் தேடினால், யாரோ ஒருவர் கல்யாணத்தில் ஓரமாக நின்றபோது தற்செயலாக விழுந்த ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். அதன் மதிப்பு நமக்குத் தெரியும்.

ஆகவே நம் வழக்கு ஒன்றே. படம் மணநாளுக்குப் பணி செய்ய வேண்டியது; இன்று மணநாள் படத்துக்குப் பணி செய்கிறது. நிகாஹின் நேரத்தையும், மணமக்கள் நிற்கும் இடத்தையும், மேடையேறும் விருந்தாளியையும், பந்தி தொடங்கும் வேளையையும் கேமரா முடிவு செய்கிறது. படத்தை ஏற்போரும் மறுப்போரும் இதைத் தவறென்று ஒப்புக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.

முதலில் பறிபோவது தொழுகை

நம் கரையின் வெயிலை நாம் அறிவோம். முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை வெளியில் எடுக்கும் படத்தில் கண்ணுக்கடியில் கருநிழல் விழும், முகம் சுருங்கும், வெள்ளைச் சட்டை வெளுத்துப்போகும். அஸருக்குப் பின் வெயில் சாய்ந்து பொன்னிறம் கொள்ளும். புகைப்படக்காரர்கள் 'கோல்டன் ஹவர்' என்று காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அழகான ஒளிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒளி முடியும் இடத்தில் மஃரிப் தொடங்குகிறது. இராமநாதபுரம் கரையில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது மாலை 5.45க்கும் 6.45க்கும் இடையில். மஃரிபின் வக்தோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே.

நடப்பது என்ன? நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன குழு ஐந்து மணிக்கு வருகிறது. கடற்கரைக்குப் போய்ச் சேர ஐந்தரை. பாங்கு ஒலிக்கும்போது மாப்பிள்ளை முழங்கால் அளவு நீரில் நிற்கிறார். "வானம் இப்போதுதான் சிவந்திருக்கிறது, ஐந்தே நிமிடம்" என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் இஷா வரை நீள்கிறது.

மணப்பெண்ணின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. முற்பகலில் போட்ட ஒப்பனை கலைந்துவிடும் என்பதால் அவள் ஒளு செய்வதில்லை. நகப்பூச்சு இருப்பதால் செய்தாலும் நீர் நகத்தில் படுவதில்லை. லுஹரும் அஸரும் மஃரிபும் களாவாகின்றன. வாழ்க்கையில் பரக்கத்தை வேண்டி ஊரையே துஆவுக்கு அழைக்கும் நாளில், அந்தத் துஆவுக்கு உரிய பெண்ணுக்கே தொழ வழியில்லாமல் செய்கிறோம். உம்மா பக்கத்தில் இருக்கிறார், மாமிகள் இருக்கிறார்கள், ஐவேளையும் தவறாமல் தொழும் பெரியம்மா இருக்கிறார். "அவள் தொழுதுவிட்டு வரட்டும்" என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

தனுஷ்கோடியில் நிற்கும் மணமக்கள்

இப்போது நிகாஹுக்கு முன்பே ஒரு படப்பிடிப்பு வந்துவிட்டது. பாம்பன் சாலைப் பாலம், அரிச்சல்முனை, தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் ஆகியவை அதன் களங்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு அங்கே போவது எளிதாகிவிட்டது. பிற சமயத்தவர் செய்வது அவர்கள் விருப்பம். நம் பிள்ளைகள் செய்யும்போது நாம் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி மார்க்கத்தைப் பற்றியது. மணம் பேசப்பட்ட பெண்ணும் ஆணும் நிகாஹ் வரை அந்நியரே. பெண் கேட்கும் ஒருவர் அப்பெண்ணைப் பார்த்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். முகீரா (ரலி) அவர்களிடம், அது இருவருக்கிடையே அன்பு நிலைக்க உதவும் என்றும் உணர்த்தினார்கள். குடும்பத்தார் முன்னிலையில் பார்த்து மனம் ஒப்புவதற்கான சலுகை அது. தோளில் சாய்ந்து, கை கோத்து, பகல் முழுவதும் மணலில் நடந்து, அதை ஊர் பார்க்க வெளியிடுவதற்கு அந்தச் சலுகையை நீட்ட முடியாது. நிச்சயம் முறிந்து போன ஒரு பெண்ணின் வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். முறிவின் துயரத்தைவிட, வெளியே போய்விட்ட படங்களைத் திரும்பப் பெற முடியாத துயரம் பெரிதென்பார்கள்.

இரண்டாம் கேள்வி மனிதத்தைப் பற்றியது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயிலைக் கடல் கொண்டது; அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று நாம் பின்னணியாகக் கொள்ளும் அந்தச் சுவர்கள் இறந்தவர்களின் ஊரில் எஞ்சியவை. தேவாலயமாயினும் அது அல்லாஹ்வை நம்பிய ஒரு சமூகம் வழிபட்ட இடம். நம் கபுர்ஸ்தானின் மீஸான் கற்களுக்கு நடுவே ஒரு புதுமணத் தம்பதி சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டால் பொறுப்போமா? புயலையும் கடலையும் அறிந்த கரையோர மக்களாகிய நாம்தான் இந்த மரியாதையை மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள். நிகாஹ் முடிந்த பின் போகிறோம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முதல் கேள்விக்கு அது விடையாகலாம். இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறது.

படம் ஓர் அமானத்

பெண்ணின் படம் எடுக்கப்பட்ட பிறகு எங்கே போகிறது என்று எந்த வாப்பாவாவது கேட்டதுண்டா? அந்நியர் ஒருவரின் மெமரி கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குப் போகிறது. அங்கிருந்து ஆல்பம் வடிவமைக்கும் இன்னோர் ஊருக்குப் போகிறது. பிறகு ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகத் தொங்குகிறது. தெருவில் முகம் மறைத்துச் செல்லும் பெண்ணின் முகத்தை, மணநாள் முடிந்த வாரத்தில் முன்பின் அறியாதவர்கள் விரலால் நகர்த்திப் பார்க்கிறார்கள்.

இதில் நம் அறியாமையும் சேர்ந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே என்று கூறுகிறது. அதாவது, நாம் எதிலும் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்காதவரை உரிமை ஸ்டூடியோவுக்கு இல்லை. ஆனால் அவர்கள் நீட்டும் அச்சிட்ட தாளில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கக்கூடும். முன்பணம் கொடுக்கும் அவசரத்தில் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறோம்.

சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. பணம் கொடுத்தவருக்கு உரிமை என்கிறது. மார்க்கமோ இன்னும் ஒரு படி மேலே போய், அந்த முகத்துக்கு உரியவளிடம் கேள் என்கிறது. நிகாஹுக்கே பெண்ணின் சம்மதத்தைக் கேட்கச் சொன்ன மார்க்கம் இது. படம் எடுக்க, அதைப் பிறருக்குக் காட்ட, அவள் சம்மதம் வேண்டாமா? சூரா அந்நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. பெண்ணுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, பெண்கள் பகுதிக்குள் நான்கு இளைஞர்களைக் கேமராவோடு அனுப்பும் ஆண்களாகிய நாம் அந்தக் கட்டளையை எங்கே வைத்தோம்?

மஹரும் ரசீதும்

நிகாஹ் தஃப்தரில் எழுதப்பட்ட மஹர் தொகையையும், புகைப்படக் குழு கொடுத்த ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பெரிது? மஹர் பெண்ணுக்கு அல்லாஹ் விதித்த உரிமை. ஆல்பம் இரண்டு ஆண்டுகளில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும் பொருள். முந்தியதில் பேரம் பேசுகிறோம். பிந்தியதில் 'இது ஒரு முறைதானே' என்கிறோம். அந்தச் செலவும் பல இடங்களில் பெண் வீட்டார் தலையில்தான் விழுகிறது. வரதட்சணை வாங்கவில்லை என்று பெருமை பேசும் வீடும், 'நல்ல டீமாகப் பாருங்கள்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தச் சொல்லின் விலையைக் கடன் வாங்கித் தீர்ப்பவர் பெண்ணின் வாப்பா.

மதீனாவில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மணமுடித்த செய்தி, அவர்கள் மேனியில் இருந்த மஞ்சள் நறுமணத்தின் அடையாளத்தைக் கண்டு விசாரித்த பிறகுதான் நபி (ஸல்) அவர்களுக்கே தெரிய வந்தது. அழைக்கவில்லையே என்ற குறை எழவில்லை. பரக்கத்துக்காகத் துஆ செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி சொன்னார்கள். அந்த எளிமையின் வாரிசுகள் நாம்.

நம் ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் எதற்காக? செல்வரும் எளியவரும் ஒரு தட்டில் கை வைப்பதற்காக. இன்றோ மேடையில் படம் முடியும் வரை பந்தி காத்திருக்கிறது. முக்கியஸ்தர்கள் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். தூரத்து உறவில் ஏழையான சாச்சி, முந்தானையில் முடிந்து வந்த நூறு ரூபாயைப் பெண்ணின் கையில் கொடுக்க வழியின்றி, வரிசையில் நின்று நின்று திரும்பிப் போகிறார். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா விருந்தையே உணவுகளில் கெட்டது என்று ஹதீஸ் கண்டிக்கிறது. ஏழையை அழைத்துவிட்டு அவரை ஆல்பத்தில் விட்டுவிடுவதும் அதன் நிழலில் வருவதே.

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது?

கண்டித்துவிட்டு ஒதுங்கினால் நம் பணி முடியாது. நல்ல படமும் வேண்டும், நாளும் கெடக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்களுக்கு நம்மால் இயன்ற சில வழிகளைச் சொல்கிறோம்.

நேரத்தைப் பாங்கிலிருந்து கணக்கிடுங்கள். அஸர் ஜமாஅத் முடிந்ததும் பள்ளியில் நிகாஹை வையுங்கள். சுருக்கமான குத்பாவுடன் அரை மணியில் முடிந்துவிடும். பிறகு குடும்பப் படங்கள். மஃரிப் பாங்குக்கு இருபது நிமிடம் முன்பே கேமராவை மூடிவிட வேண்டும் என்று குழுவிடம் முதலிலேயே சொல்லுங்கள். முற்பகல் நிகாஹ் என்றால் நடுவெயிலுக்குப் போகாதீர்கள். நம் பழைய வீடுகளின் திண்ணையிலும் முற்றத்தின் நிழலோரத்திலும் விழும் மெல்லொளியில் முகங்கள் தெளிவாக விழும், விளக்குகளே வேண்டியதில்லை.

குடும்பப் படங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். பன்னிரண்டு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்றால் 36 நிமிடத்தில் முடிந்துவிடும். இரு வீட்டு உறவுமுறையும் அறிந்த ஒரு காக்காவிடமோ மச்சானிடமோ பட்டியலைக் கொடுங்கள். முழங்கால் வலியுள்ள முதியவர்களை முதலில் அழையுங்கள். எளிய உறவினர்களின் பெயர்களைப் பட்டியலின் மேலேயே எழுதுங்கள்.

மணப்பெண் லுஹர் தொழுத பிறகு அலங்காரம் தொடங்கட்டும். நகப்பூச்சு வேண்டாம். அந்த ஒளுவை அஸர் வரை காத்துக்கொண்டால் அலங்காரத்தோடே அஸர் தொழலாம். ஒளு முறிந்தால் முகம் கழுவட்டும். ஒப்பனையை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். அவள் படங்களைப் பெண் புகைப்படக்காரர் எடுக்கட்டும். கிடைக்காவிட்டால் வீட்டுப் பெண்களில் ஒருவர் எடுக்கட்டும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, யாருக்குக் காட்டலாம் என்று ஒரு வாரம் முன்பே அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதே முடிவு.

குழுவோடு ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்குங்கள். நம் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எந்தப் படமும் வெளியிடப்படாது. படங்களை ஒப்படைத்தபின் அவர்களிடம் உள்ள பிரதிகள் குறித்த நாளுக்குள் அழிக்கப்படும். குத்பா, ஈஜாப் கபூல், துஆ நேரங்களில் ஓரிடத்தில் நின்று பேசாமல் எடுக்க வேண்டும். எதையும் மறுபடி செய்யச் சொல்லக் கூடாது. நான்கு வரிகள் போதும்.

டிரோனைத் தவிர்த்துவிடுங்கள். முற்றத்தில் முக்காடின்றி அமர்ந்திருக்கும் அண்டை வீட்டுப் பெண்ணையும் அது பார்க்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளமான ஐஎன்எஸ் பருந்து இருக்கும் கரை இது. அனுமதியின்றிப் பறக்கவிட்டால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

பெண்கள் பகுதியின் வாயிலில் மூத்த ராத்தா ஒருவர் நின்று, கைபேசிகளைப் பையில் வைத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்ளட்டும். விருந்தாளி எடுத்த படம் ஸ்டூடியோ எடுத்ததைவிட விரைவாக வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றுகிறது.

பழி யார்மேல்?

புகைப்படக்காரர்களைப் பழிப்பதாக யாரும் கருத வேண்டாம். அவர்களில் நம் பிள்ளைகளும் பலர். ஹலாலாகச் சம்பாதிக்க உழைப்பவர்கள். நம் திருமணங்களில் அவர்களுக்கும் மஃரிப் தவறிப்போகிறது, சாப்பாடும் கடைசிப் பந்தியில்தான். "இன்னொரு முறை" என்று நிகாஹ் சபையில் சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாமே. வீட்டுக்காரர் தெளிவாக எல்லை வகுத்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு நிற்பார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரதட்சணை வாங்கும் திருமணத்துக்கு ஒத்துழைப்பதில்லை என்று முடிவெடுத்த ஜமாஅத்துகள் உண்டு. அதே உறுதியோடு, நிகாஹ் சபையில் படமெடுக்கும் ஒழுங்கை ஒரே பக்கத்தில் எழுதி, தஃப்தர் விண்ணப்பத்தோடு இரு வீட்டாருக்கும் கொடுங்கள். ஆலிம்களே, யாராவது மறுபடி சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சபை உங்கள் பக்கம் நிற்கும்.

மணமக்களுக்கு ஓத நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பரக்கத்தின் துஆ மிகச் சிறியது. அந்த நிகாஹில் ஆலிம் அதை ஓதியபோது, எங்கள் கண்ணெதிரே ஆமீன் சொல்ல உயர வேண்டிய கைகளில் பாதி கைபேசியைப் பிடித்திருந்தன. அந்தப் படங்கள் இன்று யாருடைய கைபேசியில் இருக்கின்றனவோ தெரியவில்லை. தவறவிட்ட ஆமீன்களைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த நிகாஹ் நம் தெருவில் எப்போது என்று நமக்குத் தெரியும். அதற்குள் இதைப் பற்றி நம் வீடுகளில் பேசிவிடுவோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நிகாஹை எளிமையாக்கி, பரக்கத்தால் நிரப்பி, நம் பெண்களின் அமானத்தைக் காக்கும் துணிவை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.